வடிகால் மேல் எரிந்த லைட்டு

வேதாரண்யம் பஸ்ஸிலிருந்து பாத்திர மூட்டையோடு இறங்கி, ஈஸ்வரியும், சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய அவள் புருஷன் பரணிதரனும் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தது ஐப்பசியில்தான். குத்தகை வயலோடு சேர்ந்து வந்த வீடு. வீட்டுச் சுவரை ஒட்டிய மோட்டார் கொட்டகை விட்டத்தில் ஒரு பெட்ரோமாக்ஸ் லைட்டும் தொங்கியது. பரணிதரன் அதைக் கழற்றித் துடைத்து, பம்புக்குப் புது வாஷர் போட்டு எரியவைத்தான்.

பயமாக இருந்தால் பக்கத்தில் யாரையாவது உட்காரவைத்துக்கொள்ளுங்கள், தங்கங்களே. இனிதான் சொல்லப் போகிறேன்.

அந்த வாரமே புயல். கரண்டு போனது, செல்போன் டவரும் போனது. பொழுது சாயும் நேரத்தில் வாய்க்கால் உடைத்துக்கொண்டது. பரணிதரன் மண்வெட்டியும் மணல் சாக்குமாகப் போனான். வயலும் வரப்பும் ஒரே வெள்ளம். அந்த ஊரில் இப்படி வெள்ளம் வந்தால், வயலுக்குப் போனவர் திரும்பி வரக் கொட்டகையில் லைட்டை மாட்டிவிடுவார்கள். அதற்கு நேராக நடந்தால் காலடியில் வரப்பு இருக்கும். கிழக்கே விலகினால் வடிகால். ஆளை விழுங்கும் ஆழம்.

துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக் காத்தாயி சொன்னாள். "காத்து இறங்க விடாத தங்கச்சி. அடிச்சுக்கிட்டே இரு. சிங்கப்பூரு ரோட்டுல நடந்த மனுசன், வரப்பு எங்க தெரியப் போவுது அவருக்கு."

"நீங்க வேற, அக்கா." ஈஸ்வரி சிரித்தபடி பம்பை அடித்தாள். லைட்டு ஸ்ஸ் என்று இரைந்தது. மண்ணெண்ணெய் வாடையும் சேற்று வாடையும் கலந்து வீசின.

சாரல் திசை மாறியது. சுட்டுக்கொண்டிருந்த கண்ணாடியில் மழைத்துளி பட்டது.

டப்.

கண்ணாடி சிதறியது. உள்ளே ஒளிவிட்ட மேண்டில் வலை சாம்பலாக உதிர்ந்தது.

இருட்டு.

தடவித் தடவி அவள் புது மேண்டிலைக் கட்டிக்கொண்டிருந்தபோது, காத்தாயி தோளை இறுக்கிப் பிடித்தாள்.

"அங்க யாரு லைட்டு வெச்சது?"

கிழக்கே, வடிகாலுக்கு மேலே, வெள்ளையாக ஒரு வெளிச்சம்.

தூரத்தில் தண்ணீரை அளைந்து நடக்கும் சத்தம். "தெரியுது ஈஸு! வந்துட்டேன்!" பரணிதரனின் குரல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

"அங்க போவாதீங்க!"

மழை அவள் குரலைத் தின்றது.

ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, எண்ணெயை ஆவியாக்கும் குழாய் நன்றாகச் சுடும்வரை காத்திருக்க வேண்டும். யாருக்குப் பொறுமை வரும், சொல்லுங்கள்? தீக்குச்சியைக் கிழித்துவிட்டு, சுடாத குழாயோடு வெறிகொண்டு பம்பை அடித்தாள். எண்ணெய் அப்படியே பீறிட்டது. முழ உயரத்துக்கு மஞ்சள் தீ. புருவம் பொசுங்கியது. அவள் லைட்டைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

பிறகு மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது.

நெஞ்சு வரை சேறோடு வந்து சேர்ந்தவனுக்குப் குளிரில் பல் தந்தியடித்தது. "இத்தனை காத்துல அது ஆடவே இல்ல ஈஸு. நட்டுவெச்ச மாதிரி நின்னுச்சு. இது குதிக்கிறதப் பாத்துதான் திரும்பினேன்."

மூவரும் கிழக்கே பார்த்தார்கள்.

இப்போது அது ஆடியது. யாரோ கையில் எடுத்துக்கொண்டு நடப்பதுபோல.

வரப்பின் மேல். நேராக இந்தப் பக்கம்.

"அணைச்சுடு," என்றாள் காத்தாயி, வாய்க்குள்ளேயே. "நம்ம வெளிச்சந்தான் அதுக்கு வழி காட்டுது."

ஈஸ்வரி காற்றுத் திருகைத் திறந்தாள். தீ படுத்து அணைந்தது. சுவரைத் தடவிக்கொண்டே வீட்டுக்குள் ஓடித் தாழ் போட்டார்கள். ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு நின்றார்கள்.

வாசலில் லைட்டுக்குப் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. அவசரமில்லாத, பழகிய கை.

கதவிடுக்கு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது.