இரண்டாவது பதில்

வயரைப் பிடுங்கிய பிறகும் பதில் வந்துகொண்டிருந்தது.

நீல வயரின் முனை ப்ரியம்வதாவின் கையில்தான் இருந்தது. அது செருகியிருந்த சர்வர் எதிரே இரும்பு அலமாரியில், பின்பக்கத்துப் பச்சை விளக்கு அணைந்து, உள்ளே காற்றாடி சுழலும் சத்தத்தோடு மட்டும் கிடந்தது. வெளியுலகத்தோடு அதற்கு இப்போது ஒரு தொடர்பும் கிடையாது. ஆனால் மடியிலிருந்த லேப்டாப்பின் கறுப்புத் திரையில் வரிகள் நகர்ந்துகொண்டே இருந்தன. பிங் என்பது ஒரு கூப்பாடு, அவ்வளவுதான். ஒரு இயந்திரம் இன்னொன்றை அதன் எண்ணைச் சொல்லி ‘இருக்கியா’ என்று கேட்கும். அது ‘இருக்கேன்’ என்று சொல்லும். நொடிக்கு ஒரு முறை லேப்டாப் கேட்டது. நொடிக்கு ஒரு முறை, வயர் இல்லாத சர்வரின் எண்ணிலிருந்து பதில் வந்தது.

அவளுக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வேறு ஏதோ ஒரு சாமான் அதே எண்ணை எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால் பாதி இங்கே போகும், பாதி அங்கே போகும். அந்த சர்வரில் ஓடும் ஆர்டர் சைட் திறக்காததற்கு அதுதான் காரணம். வெப் சர்வர் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, லினக்ஸில் ஒரு குறையும் இல்லை, டிஸ்க்கில் இடம் இருந்தது. காலையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

தரையில் கிடந்த ஃபோன் ஸ்பீக்கரில் சிவசங்கர் பேசிக்கொண்டிருந்தார். தென்னூரில் கம்பெனி வைத்திருப்பவர், சர்வருக்குச் சொந்தக்காரர்.

“மண்ணச்சநல்லூர்ல மில்லுக்காரங்க ஒருத்தர் விடாம ஃபோன் பண்றாங்க. ஆர்டரே எடுக்க முடியலையாம். நீங்க என்னடான்னா காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க.”

“பாத்துக்கிட்டு இருக்கலை சார். வேலை செஞ்சுக்கிட்டு இருக்கேன்.”

“கோவிந்த் இருந்தா அஞ்சு நிமிஷம்.”

“அந்த அஞ்சு நிமிஷம் அஞ்சு நிமிஷம்னு சொல்லித்தானே சார் அவரை விடிய விடிய உக்கார வெச்சீங்க.”

எதிர்முனையில் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சத்தம். “சரி, சரி. ரெடியானதும் சொல்லுங்க.”

கோவிந்த் அவள் கணவன். போன ஐப்பசியில் ஒரு விடியற்காலை இதே அறையில், இதே நாற்காலியில், கீபோர்டின் மேல் ஒரு கை கிடக்க, இறந்துபோயிருந்தான். இதயம் என்றார்கள். முப்பத்தெட்டு வயதுக்காரனின் இதயத்தைப் பற்றி எல்லோருக்கும் ஏதோ ஒன்று சொல்லத் தெரிந்திருந்தது. பத்தாம் நாள் காரியத்துக்கு வந்த சிவசங்கர், கைகூப்பி நின்று, கண்ணைத் துடைத்து, சாப்பிட்டு முடித்துப் புறப்படுகிற நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சர்வரின் பாஸ்வேர்டு தெரியுமா என்று கேட்டார். வாடகை மிச்சம் என்று அந்த சர்வரைக் கோவிந்தின் வீட்டிலேயே வைத்திருந்த புத்திசாலி அவர். தெரியும் என்றாள். அந்த வேலையையே தனக்குக் கொடுக்கச் சொன்னாள். அவருடைய முகத்தில் அன்று தெரிந்த நிம்மதியை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதுதான் காரணம். மாதுரிக்கு ஆறு வயது. அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு, அம்மா வாசலுக்குப் போனால்கூட அலறுகிற குழந்தை. இந்த உலகத்தில் அவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒன்றுதான். அதற்காக சிவசங்கரின் குரலைத் தினமும் கேட்கலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

குழந்தை இப்போது படுக்கையறையில் தூங்கிக்கொண்டிருந்தது. அக்னி நட்சத்திர மத்தியானம். மேல உத்திர வீதியில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. நீளமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அறைகளில், மூடிய ஜன்னல் இடுக்குகளின் வழியே வந்த வெயில் தரையில் கம்பி கம்பியாக விழுந்திருந்தது. கடைசி அறையில் மட்டும் ஏ.சி.யின் குளிர், சூடான தூசியின் வாசனை, இன்வெர்ட்டர் பேட்டரியின் லேசான புளிப்பு.

வாசலில் கேமரா மாட்டிய பாலுவுக்கு ஃபோன் செய்தாள்.

“பாலு, கேமராவுக்கு என்ன நம்பர் குடுத்த? எங்க சர்வர் நம்பரைப் போட்டுத் தொலைச்சிட்டியா?”

“ஐயய்யோ, இல்லக்கா. உங்க வீட்டு நம்பர்ல நான் கை வைப்பனா? கோவிந்தண்ணன் ஒருதடவை வாங்கு வாங்குன்னு வாங்கினது இன்னும் காதுல கேக்குது.” சற்று நிறுத்தி, “வேணும்னா கேமராவைக் கழட்டிப் பாருங்கக்கா” என்றான்.

கழற்றிப் பார்த்தாள். பதில் நிற்கவில்லை.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தயாரிக்கும்போதே பொறிக்கிற ஒரு அடையாள எண் உண்டு. விலாசத்தைத் திருடலாம், இது கைரேகை மாதிரி. பதில் சொல்வது எது என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். பதில் சொல்லும் இயந்திரத்தின் அந்த எண்ணைத் திரையில் எடுத்தாள். பிறகு எழுந்து போய், சர்வரின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை ஃபோன் வெளிச்சத்தில் படித்தாள். ஒரு எழுத்து மாறாமல் அதே எண்.

வயரைத் திரும்பச் செருகினாள். திரையில் இப்போது ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் இரண்டு பதில்கள் வந்தன. ஒன்று உடனே. இன்னொன்று கொஞ்சம் தாமதமாக, தூரத்திலிருந்து வருவதைப் போல.

ஃபயர்வாலைத் திறந்தாள். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று கோவிந்த் எழுதிவைத்த விதிகள் அதில் வரிசையாக இருந்தன. முதல் விதி எல்லா இடங்களிலும் எழுதுகிற சாதாரண விதிதான்: வெளியிலிருந்து யாராவது என்னுடைய எண்ணையே தன் எண் என்று சொல்லிக்கொண்டு வந்தால், உள்ளே விடாதே, பதிலும் சொல்லாதே. மற்ற இடங்களில் அந்த விதிக்கு வேலையே இருக்காது. இங்கே அது தடுத்தவற்றின் எண்ணிக்கை இரண்டு கோடியைத் தாண்டியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. நொடிக்கு ஒன்று. மனக்கணக்காகப் பின்னோக்கிப் போனாள். அது கோவிந்த் உயிரோடு இருந்த நாட்களுக்குள் போய் நின்றது.

இதை என்னிடம் சொல்லவில்லையே என்று நினைத்தாள். நெஞ்சு கொதித்தது. ‘நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்.’ கடைசிவரை அதுதான். பார்த்துக்கொண்ட லட்சணம்.

ஃபோன் மறுபடி அடித்தது.

“என்னங்க ஆச்சு?”

“ஒரே நம்பர்ல இன்னொண்ணு இருக்கு சார். என்னன்னு தெரியலை. ஃபயர்வால்ல அவர் ஏதோ போட்டு வெச்சிருக்கார், அதைப் பாத்துக்கிட்டு…”

“அதான் பிரச்சனையா? தூக்கிடுங்க எல்லாத்தையும். அந்த மனுஷன் எதை எடுத்தாலும் பூட்டு மேல பூட்டு போடுவாரு.”

“அப்படித் தூக்கக் கூடாது சார்.”

“நீங்க முடியாதுன்னா சொல்லுங்க. பாலக்கரையில ஒரு பையன் இருக்கான், பாதிச் சம்பளத்துக்கு ரெடியா நிக்கிறான். சர்வர் பெட்டியை அங்கே தூக்கிக்கிட்டுப் போயிடறேன். குழந்தையோட கஷ்டப்படறீங்களேன்னுதான் இத்தனை நாள்…”

ரத்தம் காதில் வந்து இடித்தது. இரக்கம். இவன் வாயில் இரக்கம். எல்லா விதிகளையும் ஒரே வரியில் அழிக்கிற கட்டளையை, கீபோர்டு உடைகிற மாதிரி அடித்தாள். கூடாது என்று தெரிந்தே அடித்தாள்.

“வந்திருச்சு, வந்திருச்சு” என்றார் சிவசங்கர். “இங்க ஓப்பன் ஆகுது. பாத்தீங்களா? இதுக்குப் போய் காலையிலேர்ந்து…” அவள் ஃபோனை அணைத்தாள்.

சர்வரின் காற்றாடி மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. அறையின் இரைச்சலில் ஒரு பாகம் கழன்று விழுந்ததைப் போலிருந்தது. திரையில் இன்னும் இரண்டு பதில்கள்தான். ஆனால் இரண்டாவது இப்போது தாமதிக்கவில்லை. முதலாவதின் தோளில் உரசிக்கொண்டு நின்றது.

குளிர் தாங்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். வேறு எதையாவது கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. தன் ஃபோனைக் கூப்பிட்டாள். இரண்டு பதில்கள். டி.வி.யைக் கூப்பிட்டாள். முதலில் ஒன்று. பிறகு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இரண்டு. வீட்டில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. பொம்மைப் படம் பார்க்கும் டேப்லெட். தூங்கும் குழந்தையின் தலையணைக்குப் பக்கத்தில் இருப்பது.

கூப்பிட்டாள்.

ஒன்று.

ஒன்று.

ஒன்று.

இரண்டு.

லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். முட்டாள்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். காலையிலிருந்து சாப்பிடவில்லை. அந்த ஆளின் பேச்சு மண்டைக்குள் ஏறியிருக்கிறது. எழுந்து போய்க் குழந்தையைப் பார்த்தால் தீர்ந்தது. ஆனால் கால் எழவில்லை. அதனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

“மாதூ.”

“என்னம்மா.” தூக்கக் கலக்கத்தோடு, படுக்கையறையிலிருந்து.

மூச்சு வந்தது. சிரிப்புகூட வந்தது.

“என்னம்மா.”

அதே குரல். அதே கலக்கம். பின்னால், கடைசி அறையிலிருந்து.

வெயில் கம்பிகளில் தூசி மிதந்தது. எதிரொலி. நீளமான வீடு. எதிரொலியாகத்தான் இருக்கும். இத்தனை வருஷமாக இந்த வீட்டில் எதிரொலி இருந்ததில்லை.

“மாதூ.”

“என்னம்மா.”

“என்னம்மா.”

இந்தத் தடவை இடைவெளி குறைவு.

மூன்றாவது தடவை வாயைத் திறந்தவள், அப்படியே நிறுத்தினாள். கோவிந்தின் ஞாபகம். கடைசி வாரங்களில் அவன் வீட்டுக்குள் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட எழுந்து வந்து தோளைத் தொடுவான். வாய் இல்லையா என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

படுக்கையறைக் கதவு திறந்தது. கடைசி அறைக் கதவும்.

இரண்டு பேரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே மஞ்சள் கவுன். கன்னத்தில் ஒரே தலையணை மடிப்பு. கூடத்தின் இரண்டு பக்கங்களில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். இரண்டு முகமும் ஒரே நேரத்தில் அழுகைக்குக் கோணின.

எந்தக் கதவிலிருந்து எது வந்தது என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்தாள். படுக்கையறைப் பக்கம் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கூடம். ரேழி. வாசல். கதவைச் சாத்தினாள். வெளி நாதாங்கியைப் போட்டாள்.

தெரு வெள்ளையாக எரிந்தது. யாரும் இல்லை.

உள்ளே ஓடி வரும் சின்னக் காலடிகள். கதவில் உள்ளங்கைகள்.

“அம்மா. அம்மா, என்னை விட்டுட்டுப் போகாதேம்மா. அங்க யாரும்மா அது. எழுந்ததும் உன்னைத் தேடிண்டு கொல்லைப்பக்கமா கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனேம்மா. நீ இல்லம்மா.”

ப்ரியம்வதாவின் உள்ளங்கால் தார் ரோட்டில் வெந்தது. ஒரு காலை எடுத்து மறு காலின் மேல் வைத்தாள். அதையும் மாற்றினாள். பக்கத்தில் குழந்தை வெறுங்காலோடு, அந்த வெயிலில், அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அழுகை நின்றிருந்தது. கதவையே பார்த்தது.

உள்ளே தட்டுவது குறைந்தது. பிறகு ஒரு தட்டல். பிறகு இல்லை.

நாதாங்கியை எடுக்கக் கதவை நோக்கித் திரும்பினாள். நகர முடியவில்லை. அவள் விரல்களைப் பிடித்திருந்த சின்னக் கை, விடவில்லை.