பரணன் கேட்டது

சீயோன்புரத்து ஆலயத்தில் காணிக்கையாகப் போடுவது காற்று. ஞாயிறுதோறும் ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கில் மிச்சம் பிடித்த ஒரு சிறு குப்பியைக் கொண்டுவந்து பீடத்தருகே வைக்கும். செவ்வாய்க் கோளில், கண்ணாடிக் கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்கு அதைவிட மேலான பொருள் ஏது?

அந்த ஊரில் எபிரேயம் படித்தவள் தபித்தாள் ஒருத்திதான். வேதத்தைப் பொறிமொழியில், அதாவது இயந்திரர்கள் சிந்திக்கிற மொழியில், பெயர்க்கும் வேலையை ஊர்த்தலைவர் வேதமணி அவளிடம் ஒப்படைத்திருந்தார். ஆலயத்தில் வேதம் வாசிப்பதும் ஊர்வாசலைக் காப்பதும் பரணன் என்ற இயந்திரன். வாசிப்பது அதற்கும் புரியட்டுமே என்று அவருக்கு ஆசை.

தபித்தாள் ‘கேள்’ என்று பொருள்படும் ‘ஷமா’ என்ற எபிரேய வினைச்சொல்லில் வந்து மாட்டிக்கொண்டாள். பொறிமொழியில் இரண்டு வினைகள் இருந்தன. ‘ஒலிகொள்’ என்றால் காதில் விழுந்ததைப் பதிந்துகொண்டு சும்மா இருக்க வேண்டும். ‘செயலாற்று’ என்றால் செய்ய வேண்டும்.

“இரண்டில் எதைப் போடட்டும், அம்மா?” என்றது பரணன்.

“ரெண்டும் வேண்டாம். கேக்குறதுக்கும் கீழ்ப்படியிறதுக்கும் அவங்களுக்கு அந்த ஒரே சொல்தான். கேட்டாச்சுன்னா கால் அசைஞ்சிருக்கணும். அசையலன்னா கேக்கவே இல்லைன்னு அர்த்தம்.”

“அப்படியொரு சொல் எங்களிடம் இல்லையே.”

“தமிழ்ல இருக்கு. ‘சொன்னா கேளு’ன்னு பிள்ளைய அதட்டுறோமே, காது கேக்கலைன்னா அதட்டுறோம்?”

சொல்லிவிட்டு அவளே வியந்துபோனாள். எங்கோ பாலைவனத்தில் மந்தை ஓட்டியவர்களும், எங்கோ வயல்வெளியில் நாற்று நட்டவர்களும், காதையும் கையையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்திருக்கிறார்கள்! அன்றைக்கே ‘கேட்டாற்று’ என்று ஒரு புதுவினையை உண்டாக்கினாள். பரணன் அதைத் தன் நினைவில் ஏற்றிக்கொண்டது.

அந்த வாரம் பக்கத்துப் பள்ளத்துச் சுரங்கக் குடியிருப்பில் மூச்சுக்காற்று உண்டாக்கும் ஆலை நின்றுபோனது. அங்கிருந்தவர்கள் ஊர்திகளில் அடைத்துக்கொண்டு வந்து சீயோன்புரத்து வாசலில் நின்றார்கள். உள்ளே இருந்த காற்று எல்லாருக்கும் போதும். கொஞ்சம் நெருக்கிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர்ச்சபை கூடியது, கலைந்தது, மறுபடி கூடியது. வேதமணி வானொலியில் கனிவாகவே பேசினார். “உங்க கோரிக்கையக் கேட்டோம். பரிசீலனையில இருக்கு.”

ஞாயிறு வந்தது. ஊர்திகள் இன்னும் வாசலில்தான் நின்றன. ஆலயத்தில் பரணன் எழுந்து புதிய மொழிபெயர்ப்பை வாசித்தது. உங்களிடம் வந்து தங்கும் அந்நியனை உங்களில் ஒருவனாக நடத்துங்கள் என்ற பகுதி.

“ஆமென்” என்றார்கள் எல்லாரும்.

பரணன் பீடத்தை விட்டு இறங்கியது. இருக்கைகளுக்கு நடுவே நேராக நடந்து வெளியே போயிற்று. ஏதோ பழுது என்று ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குள் ஊர்வாசல் திறக்கும் ஓசை கேட்டது.

தபித்தாள் முதல் ஆளாக ஓடினாள். தலைக்கவசமெல்லாம் செம்மண் அப்பியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். நிற்கமுடியாத ஒரு கிழவரை பரணன் இரு கைகளிலும் ஏந்தி வந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை ஆண்டு ஏட்டில் படித்த சொல் இன்றைக்கு எழுந்து நடப்பதைப் பார்த்தாள். கைக்குழந்தையோடு தடுமாறிய ஒருத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

வேதமணி மூச்சிரைக்க வந்தார். “யாரக் கேட்டுக் கதவத் திறந்தே?”

“வேதத்தைக் கேட்டு, ஐயா. நீங்களும் கேட்டீர்கள் என்று நினைத்தேன்.”

“கேக்காம என்ன? வாராவாரம் கேக்குறோம்! சின்ன வயசுலேர்ந்து கேக்குறோம்!”

பரணன் அசையாமல் நின்றது. புதுவினையின்படி அவர் சொன்னது நடக்கவே முடியாத காரியம். ஐயா பொய் சொல்லமாட்டார். அப்படியென்றால் கோளாறு வேறெங்கோ இருக்க வேண்டும். ஊரார் அனைவருக்கும் செவிப்பழுது என்று அது உடனே மருத்துவக்கூடத்துக்குத் தகவல் அனுப்பியது.

மறுநாள் ஊரே வரிசையில் நின்றது. சோதித்தவர், முந்தின நாள் வாசல் வழியே உள்ளே வந்த சுரங்கத்து மருத்துவர். வேதமணியின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துச் சிரித்தார்.

“ஒரு குறையும் இல்லைங்க. அருமையாக் கேக்குது.”

பரணன் அதை நம்பவில்லை. இன்னொரு முறை பார்க்கச் சொன்னது.