உசுருள்ள சதை

பன்னிரண்டு ஆடுகளில் ஒன்று மட்டும் தீவனத் தொட்டிக்கு வரவில்லை. கொட்டகையின் மூலையில், சுவரைப் பார்த்தபடி, தலையைத் தொங்கப்போட்டு நின்றது. சாகிரா நாக்கைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அது பின்னங்காலை ஒருமுறை ஓங்கித் தரையில் உதைத்துவிட்டு மறுபடியும் அசையாமல் நின்றது.

ஐப்பசித் தூறல் ஒன்பது நாளாக விடவில்லை. லப்பைக்குடிக்காட்டின் கடைசித் தெருவில், வெள்ளாற்றை நோக்கிச் சரியும் கொல்லையில் இருந்தது அந்தத் தகரக் கொட்டகை. குவைத்திலிருந்து போன லீவுக்கு வந்தபோது அவள் கணவர் தாஜுதீன் போட்டுக்கொடுத்தது. தகரத்தில் தூறல் விழும் சத்தம், கறுப்பு மயிரிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம், இருட்டு மூலைகளில் தாடைகள் அசைபோடும் சத்தம் என்று, சத்தங்களை வைத்துத்தான் அவள் அந்த இடத்தை அறிந்திருந்தாள். கொரோனாக் காய்ச்சலில் போன வாசனை அவளுக்குத் திரும்பி வரவே இல்லை. அதிலிருந்து மூக்குக்குள் காய்ந்து காய்ந்து பொருக்குத் தட்டும். சில காலைகளில் பொருக்கோடு ரத்தமும் வரும். அடுப்பில் பால் தீய்ந்தால்கூட, காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் மகள் இஃப்பத் கத்திச் சொன்னால்தான் தெரியும்.

ஆட்டின் வாலடியில் மயிர் எண்ணெய் தடவியதுபோல ஒட்டிக் கிடந்தது. விரலால் விலக்கினாள். முதலில் காதில்தான் விழுந்தது. மோரில் போட்ட பொரி ஊறும்போது வருமே, அந்த மாதிரி மெல்லிய, ஓயாத நொறுநொறுப்பு. பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. தோல் இருக்க வேண்டிய இடத்தில் தோல் இல்லை. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாக, நெருக்கமாக, நாற்று நட்டதுபோலத் தலையைச் சதைக்குள் புதைத்துக்கொண்டு, மொத்தமும் ஒரே உடம்பாக நெளிந்தது.

மாட்டாஸ்பத்திரி ஜெயசீலன் கொல்லைப் படலைத் திறக்கும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"தெருவு வரைக்கும் அடிக்கிதும்மா. புழு வச்சு ரெண்டு மூணு நாளாச்சும் ஆயிருக்கும். நாத்தம் தெரியலையா உங்களுக்கு?"

"சளி புடிச்சிருந்துச்சு சார்" என்றாள்.

அவர் சுற்றிலும் மயிரைக் கத்தரித்தார். டர்பன்டைனில் நனைத்த பஞ்சைப் புண்ணுக்குள் திணித்துவிட்டுக் காத்திருந்தார். மூச்சு முட்டி அவை மேலே வந்தன. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சாகிரா நீட்டிய மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டார்.

"ஒண்ணுகூட தரையில விழக்கூடாது. விழுந்தா மண்ணுக்குள்ள போயி கூடு கட்டும். ஒரு வாரத்துல ஈயா வெளிய வரும்."

"நான் சுத்தமாத்தான் சார் வச்சிருக்கேன். செத்தது எதுவும் இங்க கெடக்கல."

"செத்ததுல முட்ட போடுற ஈ வேறம்மா. இது உசுருள்ள சதையிலதான் வைக்கும். உண்ணி கடிச்ச எடம், முள்ளு கிழிச்ச எடம், கழிச்சல்ல நனைஞ்ச வாலடி, எதுவா இருந்தாலும் சரி. சொட்டு ரத்தம் போதும், எங்கேர்ந்தாச்சும் வந்துரும்."

ஊசி போட்டார். புண்ணுக்கு ஸ்ப்ரே அடித்தார். எல்லா ஆட்டுக்கும் வாலடி மயிரை ஒட்ட வெட்டிவிடச் சொன்னார். கழிச்சல் நிற்கப் பூச்சி மருந்து கொடுத்தார். தரையை ஈரமில்லாமல் வைத்து, காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொரு ஆட்டையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

மறுநாள் சாகிரா எதையும் மிச்சம் வைக்கவில்லை. பன்னிரண்டு ஆட்டுக்கும் மயிர் வெட்டினாள். பழைய சாணத்தை வழித்து எடுத்துச் சுண்ணாம்பும் சாம்பலும் கலந்து தூவினாள். கீறல் கண்ட இடத்திலெல்லாம் வேப்பெண்ணெய் தடவினாள். மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து, கொட்டகை ஓரத்துக் கயிற்றுக் கட்டிலில் சும்மா சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். காலையில் பொருக்கு உரிந்து மூக்கில் ரத்தம் கசிந்திருந்தது. அதை அவள் துடைத்துவிட்டு மறந்திருந்தாள்.

மேலுதட்டில் ஏதோ நடந்துபோவது தெரிந்து விழித்தாள். நீலமும் பச்சையுமாக மினுங்கிய ஈ ஒன்று முகத்திலிருந்து எழும்பி, அவசரமே இல்லாமல் கொட்டகைத் தூணில் போய் உட்கார்ந்து, முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. வேலை முடித்த யாரோ கையைத் துடைத்துக்கொள்வதுபோல இருந்தது.

அன்றிரவிலிருந்து தும்மல். மூக்கின் வேரில், விரல் எட்டாத ஆழத்தில், ஒரு அரிப்பு. தூசு, மயிர், சாம்பல். மூன்றில் எதுவோ ஒன்று என்று நினைத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் ஜெயசீலன் வந்தார். வாலடிப் புண் ரோஜா நிறத்தில் ஆறிக்கொண்டிருந்தது. ஆடு தீவனத்துக்கு முண்டியது. அவர் சந்தோஷமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவர் முகம் சுளித்தார்.

"இன்னும் எதுலயோ இருக்கும்மா. வாட வருது."

இருவருமாக ஒவ்வொரு ஆடாகப் பிடித்துப் பார்த்தார்கள். கொம்படி, காது மடல், குளம்பு இடுக்கு, தொடை இடுக்கு. எங்கும் இல்லை. ஜெயசீலன் கொட்டகையின் அந்தக் கோடிக்குப் போய் நின்று மூச்சை இழுத்தார். தலையை ஆட்டினார். மெல்ல நடந்து அவளருகே வந்தார். நின்றார். அவள் முகத்தைப் பார்த்தார். உடனே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டார்.

"எங்கயாச்சும் எலி செத்துக் கெடக்கும்மா" என்றார். "ஒங்களுக்கு அந்த சளி இன்னும் விடலையா? ஒரு டாக்டர்கிட்ட காட்டிருங்களேன்."

போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே போனார்.

அவள் எலியைத் தேடினாள். பீரோவை நகர்த்தினாள். பரணில் ஏறினாள். சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். கொட்டகையை மூன்றாவது தடவையாகக் கழுவினாள். பக்கத்து வீட்டு ஆஃப்ரா தினமும் உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்து பேசுகிறவள், இப்போது கேட்டுக்கு வெளியே நின்று, "துணி காயப்போட்டிருக்கேன் லாத்தா, மழ வந்துரும்" என்று நகர்ந்தாள். வெயிலே இல்லாத அந்த வாரத்தில் என்ன துணி காயும். இஃப்பத் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கூடத்துக்குப் போனாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டுமாம். விடிந்தால் சாம்பிராணி, சாயங்காலம் ஊதுபத்தி. புகை கண்ணை எரித்தபோது மட்டும் சாகிராவுக்குத் தெரிந்தது. வீட்டு ஜன்னல் வலைகளில் வெளிப்பக்கமாக ஈக்கள் ஒட்டியிருந்தன. அவள் எந்த அறைக்குப் போகிறாளோ, கொஞ்ச நேரத்தில் அந்த அறை ஜன்னலில் அவை கூடின.

ஆறாம் நாள் தொழுகைக்காக ஒளு செய்யும்போது மூக்குக்கு இழுத்த தண்ணீர் இளஞ்சிவப்பாக வெளியே வந்தது. மூன்று தடவையும். வலது கண்ணுக்குக் கீழே தொட்டால் வலித்தது. தொழுகையில் சஜ்தாவுக்காக நெற்றியைத் தரையில் வைத்தாள். நெற்றிக்குள் ஏதோ ஒன்று, சாய்த்த பாத்திரத்தில் அரிசி சரிவதுபோல, மெதுவாக முன்பக்கம் சரிந்து வந்தது. எழுந்தாள். அது பின்னால் சரிந்தது. ஓதிக்கொண்டிருந்த வார்த்தை விட்டுப்போனது.

சாயங்காலம் தாஜுதீன் வீடியோவில் வந்தார்.

"மூஞ்சி ஏன் இப்புடி வீங்கியிருக்கு?"

"தூக்கமில்லீங்க. ஆட்டுக்குப் புழு வச்சிருச்சுன்னேன்ல, அந்த வேல."

"ஆடு போனா போவுது சாகிரா. நீ உடம்பப் பாரு. கிட்ட வா, பாப்போம்."

அவர் முகம் திரை முழுக்க நெருங்கி வந்தது. அந்த வாரத்தில் அவளிடம் முகத்தை அருகில் கொண்டுவந்து பேசியவர் அவர் ஒருவர்தான். அது ஏன் என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஏழாம் நாள் மத்தியானம் தூறல் நின்றது. ஊர் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. தலையைப் பிளக்கும் வலியோடு படுத்திருந்த சாகிராவின் காதில் அது கேட்டது.

நொறுநொறுப்பு.

எழுந்து கொட்டகைக்கு ஓடினாள். முதல் ஆட்டின் முதுகில் காதை வைத்தாள். கேட்டது. இரண்டாவது ஆட்டிலும் கேட்டது. மூன்றாவதிலும். மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தாள். சுத்தமான, உலர்ந்த தோல். ஆடுகள் அவளைவிட்டு விலகி எதிர்ச் சுவரோரம் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. நடுவில் அவள் மட்டும் நின்றாள். சத்தம் குறையவில்லை. கொல்லைக்கு வந்தாள். கேட்டது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கேட்டது.

இரண்டு கைகளாலும் காதை இறுக்கிப் பொத்தினாள்.

சத்தம் கூடியது.

இஃப்பத் வந்து கதவைத் தட்டியபோது அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"உம்மா, கதவத் தொறங்க. என்னம்மா பண்ணுது?"

கதவு திறந்ததும் மகளின் கை அவளை அறியாமலே துப்பட்டாவை மூக்குக்கு இழுத்தது. இழுத்த கையை உடனே கீழே விட்டாள். அதைச் சாகிரா பார்த்துவிட்டாள்.

"இஃப்பத். அந்த நாத்தம் எங்கேர்ந்துடி வருது?"

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சொல்லு."

"மூணு நாலு நாளா சொல்லணும்னு இருக்கேம்மா. நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னு..." அழுகையில் குரல் உடைந்தது. "ஒங்ககிட்டேர்ந்துதாம்மா."

சாகிராவுக்குத் தும்மல் வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. கையை வைத்துத் தும்மினாள். உள்ளங்கையில் ரத்தம் கலந்த சளி. அதற்குள் அரிசி அளவில், வெள்ளையாக, வளையம் வளையமாக ஒன்று. அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மண்ணெண்ணெய் டப்பாவில் நூறு பார்த்திருக்கிறாள். அது சுருண்டது. நிமிர்ந்தது. மறுபடியும் இடம் தேடி அவள் மணிக்கட்டை நோக்கி நகர்ந்தது.

பெரம்பலூருக்குப் போன காரில் நான்கு கண்ணாடியும் இறக்கியிருந்தது. மறுபடி பிடித்த மழை உள்ளே அடித்தது. யாரும் கண்ணாடியை ஏற்றவில்லை. டிரைவர் துண்டை முகத்தில் கட்டியிருந்தார். இஃப்பத் மட்டும் முகத்தை மூடவில்லை. தாயின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "சாய்க்காதடி" என்றாள் சாகிரா. "சாஞ்சா நவுருது."

காது மூக்கு தொண்டை டாக்டர் பூங்குழலி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டிருந்தார். விளக்கும் கேமராவும் வைத்த மெல்லிய குழாயைக் கையில் எடுத்தார்.

"பயப்படாதீங்க. எத்தன இருந்தாலும் எடுத்துரலாம். வாயால மூச்சு விடுங்க. டிவி பக்கம் மட்டும் பாக்காதீங்கம்மா."

சாகிரா பார்த்தாள்.

முதலில் சிவப்பு. ஈரமான ஒரு குகை. குழாய் நகர்ந்தது. வெள்ளை. தலையைப் புதைத்து, வாலை வெளியே நீட்டி, வரிசையாக, நெருக்கமாக. ஒவ்வொரு வால் நுனியிலும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். அவை சுருங்கி விரிந்தன. மூச்சு விட்டன.

பின்னால் ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது. இஃப்பத் வெளியே ஓடும் செருப்புச் சத்தம்.

"எத்தன இருக்கும் மேடம்?" என்றாள் நர்ஸ் வேணி.

டாக்டர் குழாயை இன்னும் மேலே விட்டார். வெளிச்சம் பட்டதும் அவை அசைந்தன. சதையிலிருந்து தலையை உருவிக்கொண்டு, வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, உள்பக்கம் நகர்ந்தன. அங்கே சுவர் இருக்க வேண்டும். எலும்பு இருக்க வேண்டும். ஓரம் கரைந்த ஒரு ஓட்டைதான் இருந்தது. ஒன்று நுழைந்தது. அடுத்தது நுழைந்தது. தள்ளவில்லை, முண்டவில்லை. திரையில் ஒவ்வொன்றும் மறைந்த அதே கணத்தில், வலது கண்ணுக்குப் பின்னால், ஒவ்வொன்றும் வந்து சேர்வது அவளுக்குத் தெரிந்தது.

"மேடம்," என்றாள் வேணி மெதுவாக. "வெளிய எடுத்துருங்க."

டாக்டர் குழாயை உருவினார். விளக்கை அணைத்தார். திரை கறுத்தது.

அந்தக் கறுப்புக் கண்ணாடியில் சாகிராவின் முகம் தெரிந்தது. அவள் அசையாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கண்ணும் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. வலது கண் மட்டும், உள்ளே இருந்து யாரோ விரலால் தள்ளுவதுபோல, மெல்ல மெல்ல, தானாகவே காதுப் பக்கம் திரும்பியது.