உள்ளே விட்ட துணி

நூல் உருண்டை ஈரமாக இருந்தது.

அதற்கு முன்பே அவளுடைய நீலக் கவுன் கண்ணில் பட்டுவிட்டது. நேற்று விளக்கு வைக்கிற நேரம்வரை உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, இஸ்திரி போட்டு மெஷின்மேல் மடித்து வைத்துவிட்டுப் படுக்கப் போன கவுன். காலையில் டீ டம்ளரோடு வந்து எடுத்துப் பார்த்தால், பழையபடி அகலமாக விரிந்து தொங்கியது. தையலைப் பிரித்திருந்தார்கள். கிழிக்கவில்லை, பிடித்து இழுக்கவும் இல்லை. பிளேடு முனையால் இடையிடையே கண்ணியை அறுத்து, நூலை ஒரே இழுப்பில் உருவியிருந்தார்கள். துணியில் ஒரு கீறல்கூட இல்லை. உருவிய நூலை எச்சில் தொட்டு உருட்டி, குண்டூசி குத்தி வைக்கும் பஞ்சு மெத்தையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள்.

அப்படி ஒட்டி வைக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான். அவளேதான்.

"நான்தான் பிரிச்சிருப்பேன்," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவளுக்கு இந்தப் பழக்கம். வீட்டில் வேறு குரல் இல்லாதபோது, இருக்கிற குரலையாவது கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. "மாத்திரை மயக்கத்துல எழுந்து வந்து பிரிச்சிருப்பேன். வேற யாரு வரப்போறா?"

உருண்டையை மறுபடி தொட்டாள். டம்ளரில் டீ ஆறிவிட்டது. எச்சில் மட்டும் காயவில்லை.

அந்தத் தெருவில் அவளுக்குப் பெயர் ஊசியக்கா. வாயில் வரிசையாகக் குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசுவாள், சிரிப்பாள், சண்டைகூடப் போடுவாள். ஒரு ஊசி விழாது. "பேருதான் ஊசி, வந்தா கதவு வழி விடணும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அப்படி ஒரு உடம்பு. தைக்க உட்கார்ந்தால் நாற்காலி 'கிறீச்' என்று ஒரு முறை முனகிவிட்டுத்தான் அடங்கும். புதுத் துணி அவள் தைப்பதில்லை. சிறுத்துப் போனதைப் பிரித்துவிடுவதும், பெருத்துப் போனதைப் பிடித்துக் கொடுப்பதும்தான் வேலை. முன்னறைதான் கடை.

பிறகு ஒரு நோய் வந்து, ஆளில் பாதியை எடுத்துக்கொண்டு போய்விட்டது. திரும்பி வந்த பாதிக்கு உதடு நடுங்கியது, ஊசி நிற்கவில்லை. உட்கார்ந்தால் நாற்காலி முனகுவதில்லை. யாருமே உட்காராத மாதிரி சும்மா இருந்தது.

தங்கை வெளியூரிலிருந்து தினமும் போன் செய்வாள். அன்றும் செய்தாள்.

"மூட்டை கட்டிட்டியா?"

"கட்டிக்கிட்டே இருக்கேன்."

"பொய் சொல்லாதேக்கா. பீரோவைத் தொட்டிருக்க மாட்டே. நாளைக்குக் காலையில பழந்துணி வண்டி வருது. அதை விட்டா அப்புறம் எப்ப வருமோ."

"ஒருவேளை உடம்பு திரும்பிடுச்சுன்னா? அப்ப எதைப் போட்டுக்கறது?"

தங்கை குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர் சொல்றப்ப நானும் பக்கத்துலதானே நின்னேன்? 'இனி இதுதான் உங்க உடம்பு, பழகிக்கங்க'ன்னு எவ்வளவு தன்மையாச் சொன்னாரு. கடைக்கு வர்றவங்ககிட்ட நீ என்ன சொல்லுவே? நீயே சொல்லு."

"எதுக்கு?"

"சொல்லேன்."

"தையலைத் திருப்பிப் பாப்பேன். உள்ளே மடிப்புல கூடுதலாத் துணி விட்டிருந்தா, வெச்சுக்கங்க, பிரிச்சுவிட்டுக் காப்பாத்திடலாம். உள்ளே ஒண்ணும் விடலேன்னா மூட்டையில போட்டுடுங்க, மனசைக் கெடுத்துக்காதீங்க."

"ஊருக்கெல்லாம் சொன்னே இல்ல?"

"அது சின்னதாப் போன துணிக்கு. என்னோடது பெரிசாப் போன துணி."

"அப்ப இன்னும் சுலபம். தூக்கிக் கொடுத்துடு," என்றாள் தங்கை. பிறகு குரல் கொஞ்சம் உடைந்தது. "அந்தத் துணியெல்லாம் எதுக்குக்கா உனக்கு? பாக்கப் பாக்க, எங்க அக்கா எங்கே போனான்னுதான் எனக்குத் தோணுது."

போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதிலேயே நின்றது. எங்க அக்கா எங்கே போனா. அப்படியென்றால் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தது யார்?

பீரோவைத் திறந்தாள். மாதக்கணக்காகப் பூட்டியிருந்த பீரோ. பாச்சா உருண்டை வாசம் முகத்தில் அடிக்கும் என்று எதிர்பார்த்து மூச்சை அடக்கியிருந்தாள். அந்த வாசம் வரவில்லை. பவுடரும் வியர்வையும் வெயிலில் நடந்துவந்த துணியின் வெதுவெதுப்பும் கலந்து, வேலை முடித்து வீட்டுக்கு வந்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வாசம் வந்தது. அவளையும் அறியாமல் ஒரு சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். யாரையாவது கட்டிக்கொண்டு எத்தனை நாளாயிற்று. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

பிறகுதான் கன்னம் ஈரமானது தெரிந்தது. அழவில்லை. சட்டையின் அக்குள் ஈரம்.

சட்டைப் பையில் ஏதோ சரசரத்தது. மிட்டாய்க் காகிதம். உள்பக்கம் இன்னும் பிசுபிசுத்தது. இனிப்பை டாக்டர் நிறுத்தியதிலிருந்து அவள் வீட்டில் மிட்டாய் என்று ஒன்று இல்லை.

காகிதத்தைக் கசக்கி எறிந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். வாசல் மணி அடித்ததும், அடித்தது யாராக இருந்தாலும் சரி என்று ஓட்டமாக ஓடினாள்.

கீழ் வீட்டு டீச்சர். கையில் கிளிப்புக் கூடை.

"இதை மாடியில விட்டுட்டு வந்துட்டீங்க ஊசியக்கா," என்றாள். பிறகு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் குழம்பியது. "என்னக்கா, காலையில பாத்தப்ப அப்படித் தேறியிருந்தீங்க?"

"காலையிலயா? எங்கே?"

"மாடியிலதான். கொடியைத் துடைச்சுக்கிட்டு நின்னீங்களே, அந்த நீலக் கவுன்ல. முதுகைப் பாத்தே கண்டுபிடிச்சுட்டேன். பழைய உடம்பு வந்துடுச்சேன்னு கத்தினேன், கேக்கலையா?"

"நான் என்ன சொன்னேன்?"

"எங்கே சொன்னீங்க? வாய் நிறைய ஊசி. தலையை ஆட்டிட்டுச் சிரிச்சீங்க." டீச்சர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். "வெயில் கண்ணுல அடிச்சுதோ என்னமோ. பவர் மாத்தணும். உடம்பைப் பாத்துக்கங்கக்கா, ஊதினாப் பறந்துடுவீங்க போலிருக்கு."

உள்ளே வந்து உட்காரச் சொல்ல வாயெடுத்தாள். கொஞ்ச நேரம், ஒரு டீ குடிக்கிற நேரம், யாராவது இருந்தால் போதும். டீச்சர் அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டாள்.

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போட்டாள். முடிவு செய்தாள்.

எல்லாம் போகட்டும். ஒன்றுகூட வேண்டாம். கம்பளிச் சட்டை, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு, புருஷன் இறந்த வருஷம் வாங்கிய கறுப்புச் சட்டை, கொடியிலிருந்து எடுத்த மாதிரியே சூடாக இருந்த எல்லாவற்றையும் வாரி வாரி ஒரு பெரிய சாக்கில் திணித்தாள். மெஷின்மேலிருந்து கொண்டுவந்த நீலக் கவுன்தான் கடைசி. அது மட்டும் கையைவிட்டுப் போக மறுத்ததுபோலத் தோன்றியது. கவுனின் கை நுனி பீரோக் கைப்பிடியில் சிக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இழுத்து எடுத்து அமுக்கினாள். சாக்கின் வாயைத் துணிநாடாவால் முறுக்கிக் கட்டி, முன்னறை வாசலோரம் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கனத்தைவிடச் சாக்கின் கனம் அதிகமாக இருந்தது.

வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சாயங்காலமே விளக்குப் போடவேண்டியதாயிற்று. மழை பிடித்துக்கொண்டது.

வியர்வை கசகசத்தது. குளியலறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினாள். கண்ணாடியை அவள் இப்போதெல்லாம் பார்ப்பதில்லை. கை துடைக்கும் துண்டை அதன்மேல் போட்டு வைத்திருந்தாள். அதனால் முதலில் கையில்தான் பட்டது. விலாவில் சோப்புப் போடும்போது விரலில் வெள்ளையாக மாவு ஒட்டியது.

குனிந்து பார்த்தாள்.

அக்குளிலிருந்து இடுப்புவரை விட்டுவிட்டு ஒரு கோடு. தையல் சாக்பீஸ் கோடு. கோட்டின் மேலும் கீழும் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. இதுவரை பிடி, இதற்குமேல் வேண்டாம் என்பதற்கு அவள் போடும் குறி.

இன்னொரு பக்கமும் அப்படியே.

தேய்த்தாள். போகிற மாதிரி இல்லை. நகத்தால் சுரண்டினாள். தோல் சிவந்தது. கோடு நின்றது.

போன் அடித்தது. ஈரத்தோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடினாள். தங்கைதான்.

"நீ உடனே கிளம்பி வா," என்றாள். "இன்னைக்கே வா."

"ஏன்க்கா குரல் மாறிப் போச்சு? இப்பதானே நல்லாப் பேசினே!"

"எப்ப?"

"இப்பதான், வெச்சுட்டு மூக்கைச் சிந்திட்டு, மனசு கேக்காம மறுபடி கூப்பிடறேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு தெரியுமா? வாயில ஊசியோட, அந்தப் பழைய கொழகொழப் பேச்சு. எத்தனை மாசமாச்சு அதைக் கேட்டு!"

"நான் என்ன சொன்னேன்?"

"'முடிவு பண்ணிட்டேன்டி, பொருந்தாததை மூட்டை கட்டி வாசல்ல வெச்சுடறேன், நீ கவலைப்படாதே'ன்னே. அப்புறம் சிரிச்சே." தங்கையின் குரலில் அப்படி ஒரு நிம்மதி. "எங்க அக்கா திரும்பி வந்துட்டான்னு இவர்கிட்டகூடச் சொல்லிட்டேன்."

அது நானில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த நிம்மதி. நோய் வந்ததிலிருந்து இந்தக் குரலில் அவள் கேட்காத சந்தோஷம். அது நானில்லையென்று சொன்னால், தங்கைக்கு மிஞ்சுவது யார்?

"ஆமா," என்றாள். "நான்தான்."

"மனசைக் கெடுத்துக்காதே. தூங்கு," என்று சொல்லிவிட்டுத் தங்கை வைத்துவிட்டாள்.

மழைச் சத்தம். ஜன்னல் தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில், அதே சீரில், இன்னொரு சத்தம் இருந்தது. முதலில் பிரித்தறிய முடியவில்லை.

மெஷின்.

முன்னறையில் மெஷின் ஓடியது. நீளமாக ஓடி நின்றது. நூல் அறுபடும் சத்தம், பல்லால் கடித்து அறுக்கிற சத்தம். மறுபடி ஓடியது.

வாசல் கதவு அந்த அறையில்தான் இருந்தது. வேறு வழி இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். கதவிடுக்கில் மஞ்சள் வெளிச்சம். பவுடர் வாசம். மிட்டாய் வாசம்.

தள்ளினாள்.

சாக்கு வாசலோரம் கிடந்தது. வாய் திறந்து. காலியாக. துணிநாடாவை அழகாகச் சுருட்டி அதன்மேல் வைத்திருந்தது.

மெஷின் முன்னால் ஒரு முதுகு. அகலமான முதுகு. நீலக் கவுன், ஒரு சுருக்கம் இல்லாமல், இம்மி தொங்கல் இல்லாமல், தைத்த அன்றைக்கு இருந்த மாதிரி. கழுத்தில் இஞ்ச் டேப்.

மெஷின் நின்றது.

நாற்காலி 'கிறீச்' என்று முனகியது.

எழுந்து திரும்பிய முகத்தை அவளுக்குத் தெரியும். நிறைந்த முகம். போட்டோவில் இருக்கிற முகம். தங்கை தேடுகிற முகம். உதடுகளுக்கு நடுவில் வரிசையாகக் குண்டூசி, ஒன்றுகூட ஆடவில்லை.

ஓட வேண்டும். துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீலக் கவுன் கிட்ட வந்தது. அவசரமில்லை. கோபமும் இல்லை. கடைக்கு வந்த துணியைப் பார்க்கிற பார்வைதான். தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தது. தோளை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தது. சூடான விரல். விட்டது. துண்டை விலக்கி, விலாவில் போட்ட கோட்டின்மேல் விரலை ஓட்டியது. பிறகு அவள் கையைத் தூக்கி, உள்பக்கம் திருப்பி, மணிக்கட்டுக்கு மேல் தோலை ஓரம் பிடித்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தது.

அவள் எப்படிப் பார்ப்பாளோ, அப்படியே.

"ச்சு," என்றது, ஊசிக்கு நடுவிலிருந்து. "உள்ளே ஒண்ணுமே விடலையே."

அவள் ஏதோ சொல்லப் பார்த்தாள். உதடு நடுங்கியது.

"மனசைக் கெடுத்துக்காதீங்க."

சாக்கை எடுத்து ஒரு உதறு உதறி, வாயை அகலமாக விரித்துத் தரையில் வைத்தது.

எந்தச் சட்டையானாலும் ஊசியக்கா முதலில் கைகளைத்தான் உள்பக்கமாக மடிப்பாள். அந்தச் சூடான விரல்களும் அவள் கைகளிலிருந்துதான் ஆரம்பித்தன.