பள்ளம் விழுந்த கேக்கை ஏலம் விட்டவள்

டெக்சாஸ் மாநிலத்தின் கேட்டி நகரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்குள் ஒரு விதி இருந்தது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. ஆனாலும் பேசப் பழகிய குழந்தைக்குக்கூட அது தெரியும்.

"பெரியவளானதும் என்னவாகப் போறே?" என்று ஓர் அங்கிளோ ஆன்ட்டியோ கேட்டால், சொல்வதற்கு இரண்டே பதில்கள்தான் உண்டு. ஒன்று டாக்டர். மற்றது இன்ஜினியர்.

ஐந்து வயது ரூஃபஸ் ஒருமுறை, "நான் ஃபயர் என்ஜின் ஆவேன்" என்றான். அதை ஓட்டுபவனாக அல்ல, அந்தச் சிவப்பு வண்டியாகவே ஆக வேண்டும் என்பது அவன் ஆசை. கிருபைராஜ் அங்கிள் அவன் தலையைத் தடவிக்கொடுத்து, "இன்ஜினியர்ங்கறான். கெட்டிக்காரன்" என்றார். எல்லோரும் மகிழ்ந்தார்கள். ரூஃபஸ் மட்டும் குழம்பிப்போனான்.

யூனிஸுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அவளுடைய பதில் டாக்டர்.

கேட்டியின் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஓர் அமெரிக்கத் தேவாலயத்தின் கூடத்தில் கூடி ஜெபிப்பார்கள். அந்த மாதம் பிறந்தநாள் வரும் பிள்ளைகள் முன்னால் வந்து நிற்க வேண்டும். சபையை நடத்தும் கிருபைராஜ் அங்கிள், என்னவாகப் போகிறாய் என்று ஒவ்வொருவரையும் கேட்பார். பிள்ளை பதில் சொல்லும். அது அப்படியே நடக்க வேண்டுமென்று அவர் ஜெபிப்பார். எல்லோரும் "ஆமென்" என்பார்கள்.

ஒவ்வோர் அக்டோபரிலும் யூனிஸ் "டாக்டர்" என்றாள். ஒவ்வோர் அக்டோபரிலும் கூடம் முழுவதும் "ஆமென்" என்றது. அது அவளுடைய ஆசைதானா என்று யாரும் சரிபார்க்கவில்லை. அவளும்தான்.

அந்த ஆண்டு, 1986இல், அவளுக்குப் பதினொரு வயது முடியவிருந்தது. பள்ளியில் ஒரு நாள், எல்லோரும் தாங்கள் பிற்காலத்தில் செய்யப்போகும் வேலைக்கு ஏற்ற உடையில் வர வேண்டும் என்று அறிவித்தார்கள். ஆசிரியை மிஸஸ் விட்ஃபீல்ட் வகுப்பைச் சுற்றி வந்து ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். நல்லவர், குழந்தைகளிடம் குரல் உயர்த்தாதவர்.

"யூனிஸ், உனக்கு டாக்டர்தானே?" என்றார் புன்னகையோடு.

கேள்வி முடிவதற்குள் அவருடைய பேனா அதை எழுதி முடித்திருந்தது.

வீட்டில் அம்மா ஜெயலீலாவுக்கு ஒரே சந்தோஷம். அவர் ஹூஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் நர்ஸ். தன்னுடைய பழைய ஸ்டெதாஸ்கோப்பைத் துடைத்து மகளின் கழுத்தில் மாட்டினார். வெள்ளைக் கோட்டின் கைகளை மணிக்கட்டுவரை மடித்துவிட்டார்.

"நான் டாக்டர் பக்கத்துல நின்னு நின்னே கால் வலிச்சுப் போச்சு. நீ உட்கார்ந்து சொல்லணும்டி. மத்தவங்க நிக்கட்டும்" என்றார்.

யூனிஸ் கண்ணாடியைப் பார்த்தாள். கோட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால், அது வேறு யாருடைய கோட்டோ என்று அவளுக்குத் தோன்றியது. அம்மாவின் மலர்ந்த முகத்தைப் பார்த்ததும் ஸ்டெதாஸ்கோப்பை நேராக்கிக்கொண்டாள்.

பள்ளியில் அன்று பல பெற்றோர்கள் வந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். கடைசியாக, யூனிஸின் வகுப்புத் தோழன் ட்ராவிஸின் தாத்தா வந்தார். பெயர் ஹாட்ஜ். அகலமான தொப்பி, தேய்ந்த பூட்ஸ். மாட்டுச் சந்தையில் ஏலம் போடுவது அவர் தொழில்.

"பேச்சு வேண்டாம், செய்தே காட்டுகிறேன்" என்று சொல்லி, கரும்பலகை துடைக்கும் டஸ்டரைக் கையில் எடுத்தார்.

அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து எண்கள் மழைபோலக் கொட்டின. ஒரு சொல் முடியும் முன்பே அடுத்த சொல் அதன் முதுகில் ஏறியது. பிள்ளைகள் கையை உயர்த்தினார்கள், கத்தினார்கள், எழுந்து நின்றார்கள். யாருக்கும் வேண்டாத டஸ்டர் ஒரே நிமிடத்தில் எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது.

யூனிஸ் ஒன்றைக் கவனித்தாள். அவருடைய வாய்தான் ஓடியது. கண்கள் ஓடவில்லை. அவை ஒவ்வொரு முகத்திலும் நின்று, பார்த்து, பிறகே நகர்ந்தன.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனாள். "அடுத்து யார் கை தூக்குவார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது?"

"அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே அவர்களுடைய புருவத்துக்குத் தெரிந்துவிடும், டாக்டர்" என்றார் ஹாட்ஜ், அவள் கோட்டைப் பார்த்து.

முதல்முறையாக அந்தப் பெயர் யூனிஸுக்கு உறுத்தியது.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு தோசை மிச்சம் இருந்தது. யூனிஸ் அதைத் தட்டோடு தூக்கிப் பிடித்தாள்.

"கடைசி தோசை, ஓரம் மொறுமொறு, நடுவுல மெத்து மெத்து, யாருக்கு வேணும் யாருக்கு வேணும், அப்பா புருவம் தூக்கிட்டாங்க, ஒரு தரம், ரெண்டு தரம்..."

"வாயை மூடிட்டுச் சாப்பிடு. ஒரு டாக்டருக்கு இவ்வளவு வாய் ஆகாது" என்றார் அம்மா.

"நாம போற டாக்டர் எங்க வாயை மூடுறாரு? மூடினாதானே ஊசி போட முடியும்" என்று அப்பா சொல்ல, அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தோசை அப்பாவுக்கே போனது.

அப்பா சிரித்தது யூனிஸுக்கு நிம்மதியாக இருந்தது. ஏனென்றால், அண்மைக் காலமாக அவர் அதிகம் சிரிப்பதில்லை. அப்பா பால்துரை எண்ணெய் நிறுவனத்தில் இன்ஜினியர். அந்த ஆண்டு எண்ணெய் விலை தடாலென்று விழுந்தது. நிறுவனங்கள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. வசந்த காலத்தில் அப்பாவும் மேசையில் இருந்ததை எல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். அதைப் பற்றிச் சபையில் யாரும் கேட்பதில்லை. அப்பாவும் கடைசி வரிசையில் உட்காரத் தொடங்கியிருந்தார்.

பகலில் விண்ணப்பங்கள் அனுப்பினார். மீதி நேரத்தில் சமைக்கக் கற்றுக்கொண்டார். அக்டோபரில், அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முந்தைய நாள், ஒரு கேக் செய்தார். அடுப்பிலிருந்து வெளியே எடுத்தபோது அதன் நடுப்பகுதி மெல்ல உள்ளே இறங்கியது.

"முட்டையை ஒழுங்காத்தானே beat பண்ணேன்?" என்று அப்பா அதையே உற்றுப் பார்த்தார்.

யூனிஸ் பாத்திரத்தில் ஒட்டியிருந்த மாவை விரலால் வழித்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, சின்ன வயசுல உங்களை யாராவது என்னவாகப் போறேன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. இன்ஜினியர்னேன். கேட்டவர் ஒரு பென்சில் குடுத்தார்."

"வேற ஏதாவது சொல்ல நினைச்சீங்களா?"

அப்பா அடுப்பை அணைத்தார். அதன் கதவைச் சாத்தினார்.

"ரெண்டாவது தடவை யாரும் கேக்கலைம்மா" என்றார்.

அறுப்பின் பண்டிகை என்றால் தமிழ்ச் சபைகளில் ஏலம் உண்டு. தோட்டத்தில் விளைந்ததையும் வீட்டில் செய்ததையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். பிறகு அவற்றைத் தாங்களே ஏலத்தில் எடுப்பார்கள். அன்று மேசையில் பூசணிக்காய், முருங்கைக்காய், முறுக்கு டப்பா, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு தொட்டிக் கறிவேப்பிலைச் செடி இருந்தன. அந்தச் செடிக்காகவே பக்கத்துத் தெரு ஷ்யாமளா ஆன்ட்டி ஆண்டுதோறும் இந்த ஏலத்துக்கு வருவார். அவர் போவது வேறு கோவிலுக்கு. ஆனால் கறிவேப்பிலை விஷயத்தில் அவர் வேறுபாடு பார்ப்பதில்லை.

வழக்கமாக ஏலம் போடும் கிருபைராஜ் அங்கிளுக்கு அன்று குரலே இல்லை. காற்றில் பறந்த மகரந்தத் தூள் அவர் தொண்டையைக் கட்டிப்போட்டுவிட்டது. அவருக்குப் பதிலாக ஓர் இன்ஜினியர் அங்கிள் தாளைப் பார்த்து வாசித்தார்.

"ஐட்டம் நம்பர் ஒன். பூசணிக்காய். கண்டிஷன், நல்லா இருக்கு."

கூடம் கொட்டாவி விட்டது. பூசணிக்காய் பெரிய போட்டியின்றிப் போனது.

"ஐட்டம் நம்பர் டூ. கேக். பால்துரை செஞ்சது."

எல்லோரும் கேக்கைப் பார்த்தார்கள். நடுவில் இருந்த பள்ளமும் எல்லோரையும் பார்த்தது. யாரோ கிசுகிசுத்தார்கள். யாரோ, "நாங்க இப்ப sugar குறைச்சிருக்கோம்" என்றார்கள். கடைசி வரிசையில் அப்பா, ஒழுங்காகவே இருந்த ஒரு நாற்காலியை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

"யாரும் இல்லையா? சரி, இதைத் தள்ளி வெச்சுடலாம்."

யூனிஸ் எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எழுந்தது அவளுக்கே தெரிந்தது.

"அங்கிள், ஒரு நிமிஷம். நான் try பண்ணட்டுமா?"

இன்ஜினியர் அங்கிள் கிருபைராஜ் அங்கிளைப் பார்த்தார். அவர் பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். அது சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று யாருக்கும் புரியவில்லை. யூனிஸ் சரி என்றே எடுத்துக்கொண்டு நாற்காலியில் ஏறினாள்.

முதலில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு தொடங்கினாள்.

"இந்தக் கேக்குல பள்ளம் இருக்குன்னு பாக்கறீங்க. இது பள்ளம் இல்லை, கிண்ணம். மத்த கேக்குல ஐஸ்கிரீம் வெச்சா வழிஞ்சு ஓடும், இதுல வெச்சா அப்படியே உக்காரும், வெனிலா வெக்கலாம், மாம்பழம் வெக்கலாம், டெக்சாஸ் முழுக்கத் தேடினாலும் இடம் விட்டுச் செஞ்ச கேக் இது ஒண்ணுதான்..."

மாம்பழம் என்ற இடத்தில் ஷ்யாமளா ஆன்ட்டியின் புருவம் கொஞ்சம் உயர்ந்தது.

"ஷ்யாமளா ஆன்ட்டி அஞ்சு டாலர்!"

"நான் கையே தூக்கலையேடி" என்றார் ஆன்ட்டி.

"புருவம் தூக்கினீங்க ஆன்ட்டி."

கூடம் சிரித்தது. ஆன்ட்டியும் சிரித்துவிட்டு, "சரி, அஞ்சு" என்றார். குரல் இல்லாத கிருபைராஜ் அங்கிள் கையை உயர்த்தினார். "அங்கிள் ஆறு, பேசாமலே ஆறு, பேசினா எவ்வளவோ." முறுக்கு செய்த ஆன்ட்டி ஏழு என்றார். யூனிஸின் சொற்கள் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறி ஓடின; கண்கள் மட்டும் ஓடவில்லை. நடுவில் இன்னொரு கை எழுந்தது.

"அம்மா, நம்ம கேக்கை நாமளே வாங்கக் கூடாது. கையைக் கீழே போடுங்க."

இந்த முறை சிரிப்பு கூரையைத் தொட்டது. கடைசி வரிசையில் அப்பா நாற்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"எட்டு டாலர், ஷ்யாமளா ஆன்ட்டி இந்தத் தடவை கையையே தூக்கிட்டாங்க! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். ஷ்யாமளா ஆன்ட்டிக்கு."

அதன் பிறகு யாரும் அவளை நாற்காலியிலிருந்து இறங்கவிடவில்லை. முருங்கைக்காய் போனது, முறுக்கு போனது, கறிவேப்பிலைச் செடிக்கு நடந்த போட்டியில் இன்ஜினியர் அங்கிளே தாளைக் கீழே போட்டுவிட்டுக் கை தூக்கினார். ஷ்யாமளா ஆன்ட்டி கேக்கை வெட்டி அப்பாவிடம் ஒரு துண்டு நீட்டினார். "ரொம்ப soft-ஆ இருக்கு பால்துரை. அடுத்த தடவையும் பள்ளம் வெச்சே பண்ணுங்க."

"இந்த வாய் யாருகிட்ட இருந்து வந்துச்சோ" என்று அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். குறை சொல்வதுபோலச் சொல்லப் பார்த்தார். அது அப்படி வரவில்லை.

கடைசியில் பிறந்தநாள் ஜெபம். யூனிஸ் முன்னால் வந்து நின்றாள். நெற்றியில் வியர்வை; முகத்தில் இன்னும் ஏலம் போட்ட சூடு. கிருபைராஜ் அங்கிள் காற்றாக வந்த குரலில் கேட்டார்.

"யூனிஸ், பெரியவளானதும் என்னவாகப் போறே?"

அம்மாவின் உதடுகள் ஒவ்வோர் ஆண்டையும் போலச் சத்தமில்லாமல் அந்தச் சொல்லைச் சொல்லத் தொடங்கின. அங்கிள் கண்களை மூடி, கைகளையும் குவித்துவிட்டார். மிஸஸ் விட்ஃபீல்டின் பேனாவைப் போல, பதில் வருவதற்கு முன்பே கூடம் முழுவதும் அந்தப் பதிலில் போய் உட்கார்ந்திருந்தது.

யூனிஸ் எல்லா முகங்களையும் பார்த்தாள். அம்மாவின் முகத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றாள். அங்கே கோபம் வரலாம். ஆனால் அது தன்னை ஏலம் போகாத பொருள்போலத் தள்ளிவைக்கும் முகமல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

"டாக்டர் இல்லை, அங்கிள்" என்றாள். "நான் ஏலம் போடப் போறேன். மாட்டுச் சந்தையில. பெரிய தொப்பி போட்டுக்கிட்டு."

அம்மாவின் உதடுகள் பாதிச் சொல்லில் நின்றன. கிருபைராஜ் அங்கிள் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். இப்படி ஒரு வேலைக்கு எப்படி ஜெபிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மேசைக்கடியில் இருந்த ரூஃபஸ், மிகுந்த ஆர்வத்தோடு தலையை வெளியே நீட்டினான்.

ஜெபம் இன்னும் தொடங்கவே இல்லை. ஆனாலும், கடைசி வரிசையிலிருந்து அப்பாவின் குரல் எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது.

"ஆமென்."