துயிலெண் நாற்பத்தொன்று

அமலி எழுந்து உட்கார்ந்ததும் புது மெத்தை அவளுடைய தூக்கத்தை அளந்து துயிலெண்ணைச் சொன்னது. நாற்பத்தொன்று. நேற்றும் இதே கதைதான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு குறைந்தது அறுபது வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து குறைந்தால் உரிமம் பறிபோகும். பதினான்கு வருஷ உழைப்பு, போயும் போயும் ஒரு மெத்தையின் கையில்!

அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. இப்படி அடித்துப் போட்டாற்போல் தூங்கி எத்தனை காலமாயிற்று? இடுப்புப் பக்கம் இறுக்கச் சொன்னாள், தலைப்பக்கம் தாழ்த்தச் சொன்னாள். மெத்தை சொன்னபடி கேட்டது. பாழாய்ப்போன எண் மட்டும் அசையவில்லை.

"நல்லாத்தாங்க தூங்குனேன்," என்றாள் கணவன் ரூபனிடம்.

"மெத்தை பொய்யா சொல்லும்? உனக்குத்தான் தெரியல."

பத்து மணிக்கு மெத்தை பழுதுபார்க்கும் இசக்கி வந்தான். மெத்தையோடு இணைத்த பலகைக் கணினியைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்.

"அக்கா, இதுல முதல்ல படுத்தது யாரு?"

ரூபன் தலையைச் சொறிந்தான். "கீழ்வீட்டுக் கைப்பிள்ளையக் கிடத்துனேன். புதுப் படுக்கையில பச்சப்பிள்ள முதல்ல படுத்தா நல்லதுல்லா?"

"அதான் விஷயம். முதல்ல படுத்த உடம்பைத்தான் இது சொந்தக்காரரா எடுத்துக்கும். அக்காவுக்கு வயசு எட்டு மாசம்னு நெனச்சிட்டிருக்கு. எட்டு மாசப் பிள்ள பதினாலு மணிநேரம் தூங்கணும். நீங்க ஏழுதான். எண் எப்படி ஏறும்?"

ரூபன் விழுந்து விழுந்து சிரித்தான். அமலிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்போ ராத்திரி முதுகுல மெல்லத் தட்டுச்சே, அது?"

"பிள்ளைக்குத்தான். அழுற மாதிரி மூச்சு வந்தா தட்டும். நேத்து நாலு தடவ தட்டியிருக்கு."

"நான் எங்கப்பா அழுதேன்?" என்று கேட்டாள். ரூபனின் சிரிப்பு நின்றிருந்தது.

"பெரியவங்க அமைப்புக்கு மாத்திருதேன்க்கா. அஞ்சு நிமிஷம்."

"தட்டுறத மட்டும் விட்டுவைக்க முடியுமா தம்பி?"

"பெரியவங்க பட்டியல்ல அது கிடையாதுக்கா. யாரும் கேக்கலன்னு எடுத்துட்டாங்க."

இன்னும் ஒரே நாள்தான் மிச்சம். கிரேனை நினைத்துக்கொண்டு அமலி சம்மதமாகப் பெருவிரலைப் பலகைக் கணினியில் பதித்தாள்.

மறுநாள் காலை மெத்தை எண்பத்திரண்டு என்றது. உரிமம் தப்பியது.

"பாத்தியா, இன்னைக்குத்தான் நல்லாத் தூங்கியிருக்க," என்றான் ரூபன்.

"ஆமாங்க," என்றாள் அமலி. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றியது. ஒரு பக்கம் நனைந்திருந்த தலையணையை எடுத்துக்கொண்டுபோய் வெயிலில் போட்டாள்.