பெரிய மிஸ் பேரில் இருந்த வகுப்பு

மாடி வராந்தாவின் கோடியில் இருந்தது அந்த ஏழாம் வகுப்பு. புது டீச்சர் உள்ளே நுழைந்தபோது மழைக்கு முந்தைய இருட்டு ஜன்னல்களில் அப்பியிருந்தது. ஈரச் சுவரின் வாடை. அதற்கும் அடியில், லேசாக, கிராம்பு வாசனை.

"முன்னாடி இருந்த மிஸ் தொண்டைக்கு கிராம்பு மெல்லுவாங்க மேடம்," என்றார் கம்ப்யூட்டர் லேப் உதவியாளர், வயரைச் செருகிக்கொண்டே. "எவ்வளவு துடைச்சாலும் இந்த மேசையை விட்டுப் போக மாட்டேங்குது."

கரும்பலகை இருந்த இடத்தில் இப்போது சுவரை அடைத்துக்கொண்டு ஒரு தொடுதிரை. அதில் வரிசையாகப் பாட வீடியோக்கள். எல்லாவற்றிலும் ஒரே முகம்: கனத்த கண்ணாடி, இழுத்துச் சீவிய தலை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற வாய். அறிவியல் பாடம் முழுவதையும் தானே பேசிப் பதிவு செய்து, இணைய வகுப்பில் ஏற்றிவிட்டு, விடுமுறையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்திருந்தார் அந்த அம்மாள். பிள்ளைகளுக்கு அவர் 'பெரிய மிஸ்'. அப்படியானால் இவள்? மூத்தாள் படம் மாட்டிய வீட்டுக்கு இரண்டாம் தாரமாகப் போனவளுக்குக்கூட இதைவிட மரியாதை கிடைத்திருக்கும்.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள், அவளுடைய மகள் அதே வகுப்பில் படிக்காமல் இருந்திருந்தால்.

கணவன் விட்டுப் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அந்தப் பெண் ஒருத்திதான். பள்ளியில் சேர்ந்த சில நாட்களிலேயே மகளின் காதுகளில் ஹெட்போன் ஏறிவிட்டது. சாயங்காலம் முழுக்க பெரிய மிஸ்தான். அந்த வீடியோக்களில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பெரிய மிஸ் "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பதுபோல் பேசாமல் பார்ப்பார். அந்த இடைவெளியில் மகள் திரையைப் பார்த்துத் தலையாட்டுவாள். சில சமயம் சிரிப்பாள்.

"சந்தேகம்னா என்னைக் கேக்கலாம்ல? நானும் அதே பாடம்தானே எடுக்கறேன்?"

"நீ கத்துவேம்மா. அவங்க கத்தவே மாட்டாங்க."

செத்தவர்கள் எங்கே கத்துவார்கள்? இவளுக்கு வயிறு எரிந்தது. பெற்று, பாலூட்டி, காய்ச்சலில் கண்விழித்தவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்க, மகளின் சிரிப்பு மண்ணுக்குள் போன ஒருத்திக்குப் போய்க்கொண்டிருந்தது.

வகுப்பிலும் அதே கதைதான். செல்லின் அமைப்பை அவள் பார்த்துப் பார்த்து வரைந்து விளக்கி முடித்ததும், பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மிஸ், பெரிய மிஸ் வீடியோ போடுங்க மிஸ்." உடனே வகுப்பே ஆமாம் போட்டது. அந்தக் கூட்டத்தில் மகளின் குரலும் இருந்தது.

மதிய இடைவேளையில் வகுப்பைத் தாழிட்டுக்கொண்டாள். லேப் உதவியாளரைப் போனில் கூப்பிட்டாள்.

"அந்த வீடியோ எல்லாத்தையும் அழிக்கணும். எப்படின்னு சொல்லுங்க."

"அழிக்கலாம் மேடம். ஆனா இணைய வகுப்பு அவங்க பேர்லதான் இருக்கு. அவங்க கூப்பிட்டு நாம உள்ள வந்த மாதிரிதான் கணக்கு. அவங்களை மட்டும் அதுலேருந்து எடுக்க முடியாது. ஆபீஸ்ல எழுதிக் கேக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேண்டாம் மேடம். புள்ளைகுட்டி இல்லாத மனுஷி. இந்தப் பசங்கதான் அவங்களுக்குப் புள்ளைங்க."

"அதுல ஒண்ணு என் பிள்ளை," என்று போனை வைத்தாள்.

ஒவ்வொன்றாக அழித்தாள். ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள் ஒரு குளிர்ச்சி. பாவம் என்று ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைசி வீடியோவில் விரலை வைத்தபோது அது தானாக ஓட ஆரம்பித்தது.

"புரிஞ்சுதாம்மா?"

கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் காத்திருந்தன.

இடைவெளி முடியவில்லை.

கண்கள் இமைக்கவும் இல்லை.

அவள் வயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. மூடிய அறைக்குள் கிராம்பு நெடி மூக்கைத் துளைத்தது, யாரோ முகத்துக்கு நேரே மூச்சு விட்டதுபோல.

மகள் இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் அழுகையை நிறுத்தினாள். பேச்சையும்தான். "கொஞ்ச நாள்ல சரியாயிடும்டி," என்று தலையைக் கோதப் போனால் நகர்ந்துகொண்டாள். சரி, நகரட்டும். போட்டிக்குத்தான் ஆள் இல்லையே என்று தாய் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மழை விடவில்லை. பள்ளி வாசலில் தண்ணீர் நின்றதால், வகுப்புகள் வீட்டிலிருந்தே இணையத்தில் நடக்கும் என்று அறிவித்தார்கள். காலையில் அவள் ஹாலில் லேப்டாப்பைத் திறந்தாள். மகள் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகளின் முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களில் வந்தன.

"எல்லாருக்கும் கேக்குதா?"

யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுவதை நிறுத்தி, ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். ஓரத்தில் செய்திகள் விழத் தொடங்கின. புரிஞ்சுது மிஸ். புரிஞ்சுது மிஸ். புரிஞ்சுது மிஸ்.

அவள் இன்னும் பாடத்தையே ஆரம்பிக்கவில்லை.

மகளின் கட்டத்தைத் தேடினாள். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாள் கழித்து வந்த சிரிப்பு. அவள் நாற்காலிக்குப் பின்னால், அலமாரிக்கும் சுவருக்கும் இடையில், யாரோ நின்றிருந்தார்கள். முகம் கட்டத்துக்கு மேலே போயிருந்தது. ஒரு கை மட்டும் மகளின் தலையைக் கோதிக்கொண்டிருந்தது.

மகள் நகர்ந்துகொள்ளவில்லை.

தாய் ஓடினாள். கதவைத் தள்ளினாள். அறையில் மகளைத் தவிர யாருமில்லை. ஹெட்போனோடு கணினி முன் உட்கார்ந்திருந்தாள். அவள் திரை முழுவதும் பெரிய மிஸ்.

"ஏய், அதை மூடு!" என்று கத்தினாள்.

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

மறுபடி கத்தினாள். தொண்டை நரம்பு புடைத்தது. தன் குரல் தன் காதுக்கே எட்டவில்லை. மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மகள் லேசாக உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

"குளிருது மிஸ்," என்றாள் திரையைப் பார்த்து.

"மழைம்மா. அப்படித்தான் இருக்கும்." அதே நிதானக் குரல். "கீழ பாரு. ஓரத்துல ஒரு கட்டம் இருக்கு பார்."

தாயும் பார்த்தாள். அங்கே அவளுடைய முகம் இருந்தது. இந்த அறையில் நிற்கும் முகம், திறந்த வாயோடு. பக்கத்தில் மைக் அடையாளத்தின்மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

"எங்கம்மா மிஸ் அது."

"தெரியும். நம்ம பாடத்தையெல்லாம் யார் அழிச்சது?"

மகள் ஓரத்துக் கட்டத்தைப் பார்த்தாள்.

"நான் உனக்கு ஏதாவது கெடுதல் பண்ணேனா?"

"இல்ல மிஸ்."

"இந்த வகுப்பு என் பேர்ல இருக்கு. உங்கம்மாவை நானே இதுலேருந்து எடுத்துடலாம். ஆனா நீ எடுத்தாத்தான் எனக்கு நிம்மதி." கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் மகளைத் தாண்டி, நேராகத் தாயைப் பார்த்தன. இவள் இத்தனை நாள் நிலைக்கண்ணாடியில் பார்த்துப் பழகிய அதே பார்வை. வயிறு எரிகிறவளின் பார்வை.

தாய் மண்டியிட்டாள். மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள். 'இனிமே கத்த மாட்டேன்டி, சத்தியமா கத்த மாட்டேன்' என்று சொன்னாள். உதடுகள் மட்டும் சொல்லின.

பெரிய மிஸ் எதுவும் பேசாமல் காத்திருந்தார்.

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு விரலை அந்தக் கட்டத்தின்மேல் கொண்டுபோனாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

மதியம் வகுப்பு முடிந்ததும் மகள் ஹெட்போனைக் கழற்றி, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். ஹாலில் ஒரு லேப்டாப் திறந்தபடி கிடந்தது. அதன் முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. சமையலறையில் தட்டு வைக்கும் ஓசை கேட்டது.

"சாப்பிட வாம்மா," என்று அங்கிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"இதோ வரேன் மிஸ்," என்றாள் மகள்.